வானில் முதல் வட்டம் போட்டவர்



ரேடியோ கன்ட்ரோலில் பறக்கும் மாடல் விமானங்களின் வீடியோவை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காட்டியிருப்பார்கள். இந்தக் குட்டி விமானங்களுக்குச் சாகசப் போட்டிகள் நடக்கின்றன. 1960, 70களின் வடிவமைப்பில் செய்த பழைய ரக விமானங்களுக்கென்றே சில நாடுகளில் தனிப் பிரிவும் உண்டு. பழையதோ புதியதோ, அடிப்படை வித்தைகளில் ஒன்று 'லூப்'. விமானம் மேலே ஏறி, தலைகீழாகி, இறங்கி, வட்டத்தை ஆரம்பித்த அதே உயரத்துக்கு வந்து சேர வேண்டும். வட்டம் நசுங்கினாலோ இறக்கை சாய்ந்தாலோ நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

இதை முதன்முதலில் நிஜ விமானத்தில் செய்து காட்டியவருக்குக் காவல் தண்டனை கிடைத்தது தெரியுமா?

அவர் பெயர் பியோத்தர் நெஸ்தெரவ். 1887-இல் ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கரத் நகரில் பிறந்தவர். பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவருக்கு விமானத்தின்மேல் ஆசை வந்தது. சொந்தமாக ஒரு கிளைடர் செய்து பறந்து பார்த்தார். பிறகு முறையாகப் பயிற்சி பெற்று ராணுவ விமானியானார்.

அந்நாள் விமானிகள் திரும்பும்போதுகூட விமானத்தை அதிகம் சாய்க்கப் பயந்தார்கள். சைக்கிளில் வேகமாக வளையும்போது நாம் சாய்கிறோமே, அதுபோல விமானமும் சாய்ந்துதான் திரும்ப வேண்டும் என்பது நெஸ்தெரவின் கணக்கு. எந்த நிலையில் இருந்தாலும் விமானத்தை மீட்க முடியும் என்று அவர் நம்பினார். தண்ணீர் வாளியை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள், தலைகீழானாலும் தண்ணீர் கொட்டாது. விமானியும் அப்படித்தான் இருக்கையோடு ஒட்டியிருப்பார். ஆனால் சக அதிகாரிகள் பலர் இதை ஏற்கவில்லை.

1913 செப்டம்பர் 9. கீவ் நகரில், 70 குதிரைத்திறன் கொண்ட நியூபோர்ட் விமானத்தில் உயரே ஏறினார். வேகம் சேர்க்கக் கீழ்நோக்கிப் பாய்ந்தார். பிறகு மேலே இழுத்து முழு வட்டம் போட்டுப் பத்திரமாக இறங்கினார். அரசாங்கச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று மேலிடம் தண்டனை விதித்தது. பிறகு அதே மேலிடம் அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. சில நாள் கழித்து பிரான்ஸில் அடால்ஃப் பெகூ இதே வித்தையைச் செய்து உலகப்புகழ் பெற்றார். ஆனாலும் முதலில் செய்தவர் நெஸ்தெரவ்தான் என்று பெகூவே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது. 1914 செப்டம்பர் 8 அன்று, ஆஸ்திரிய வேவு விமானம் ஒன்றைத் தடுக்கத் துப்பாக்கி பொருத்தாத தன் விமானத்தாலேயே அதை மோதினார். அந்த விமானத்தில் இருந்த இருவரோடு அவரும் இறந்தார். முதல் வட்டம் போட்டு ஓராண்டு நிறைய ஒரு நாள் பாக்கி. வயது 27.

இன்று உலக விமான சாகசப் போட்டியில் வெல்லும் அணிக்குத் தரும் கோப்பை அவர் பெயரில் இருக்கிறது. அடுத்த முறை மாடல் விமானம் லூப் போடுவதைப் பார்த்தால், தலைகீழாவதை மட்டும் ரசிக்காமல், எப்படிச் சீராக மீண்டு வருகிறது என்றும் கவனியுங்கள். பயமின்றி மீள முடியும் என்று காட்டத்தான் அந்த இளைஞர் அன்று மேலே ஏறினார்.