எஸ்.எஸ்.டி. வாங்கப் போய் ஞாபகம் வந்த வாத்தியார்

என் வீட்டு கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுச் செத்தது. புராஜெக்ட் ரிப்போர்ட்டும் போச்சு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை, எல்லாம் குறைக்கடத்திதான் என்றதும் எனக்கு ஜகதீச சந்திர போஸ் ஞாபகம் வந்தது.

1858-ல் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வெள்ளைக்காரரைவிடக் குறைந்த சம்பளம் என்றதும், மூன்று வருடம் காசு தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் முழு நிலுவையும் வந்தது. அதை அப்பாவின் கடனுக்கே கட்டினார். ரேடியோ அலையைப் பிடிக்க கலீனா படிகத்தை வைத்தார். 1904-ல் அமெரிக்கா அதற்குப் பேட்டன்ட் தந்தது. காசாக்க அவருக்கு மனசில்லை. 1917-ல் ஆய்வு நிலையம் கட்டினார், 1937-ல் மறைந்தார்.

ஒரகடத்தில் டிரெயினிங் ஸ்டைபண்ட் வந்ததும் 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினேன். என் பழைய போர்டில் எம்.2 ஸ்லாட் கிடையாது. நீங்களும் முதல்ல கேபினெட்டைத் திறந்து பாருங்க.