அமுல் என்றால் குரியன் தானா? பால் விலைக்காக 15 நாள் போராடிய திரிபுவன்தாஸ் படேல் யார்?

மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர் பேசும் விலை கட்டுப்படி ஆகலைன்னா, மாட்டைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடலாம். அடுத்த வாரமும் சந்தை கூடும். பால் விற்கிறவருக்கு இந்த வசதி கிடையாது. காலையில் கறந்த பால் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போய்விடும். அதனால் வாங்குகிறவர் சொல்வதுதான் விலை.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இந்த நிலைமையை மாற்றியவர் திரிபுவன்தாஸ் படேல். அமுல் என்றதும் வர்கீஸ் குரியன் பெயர்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் குரியன் ஆனந்த் ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்பே அங்கே சங்கம் தொடங்கிவிட்டது.

யார் இந்த திரிபுவன்தாஸ்?

1903 அக்டோபர் 22ஆம் தேதி ஆனந்தில் பிறந்தவர். காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தில் படித்தார். 1930 உப்பு சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். அதன் பிறகும் விடுதலைப் போராட்டத்தில் சிறைவாசம் தொடர்ந்தது. வியாபாரமோ, இயந்திரமோ படித்தவர் அல்ல. கிராமம் கிராமமாக நடந்து, ஜனங்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்.

என்ன பிரச்சினை?

1945இல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் கொண்டுவர ஒரு திட்டம் போட்டது. ஆனந்தில் இருந்து பம்பாய் 400 கிலோமீட்டருக்கும் மேல். கேடா மாவட்டத்தில் பால் சேகரிக்கும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நகரத்தில் பால் நல்ல விலைக்குப் போனது. ஆனால் எருமை வளர்த்தவர் கைக்கு வந்தது கொஞ்சம்தான். நடுவில் இருந்தவர்களுக்குத்தான் லாபம்.

விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலிடம் முறையிட்டார்கள். அவரும் அதே மாவட்டத்துக்காரர். இடைத்தரகரை நீக்கிவிட்டு நீங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் காட்டிய வழி. அதற்காக அவர் மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946 ஜனவரி 4ஆம் தேதி சமர்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. சங்கத்தை நடத்தும் பொறுப்பு திரிபுவன்தாஸ் தலையில் விழுந்தது.

கீழே கொட்டிய பால்

அரசு முதலில் சம்மதிக்கவில்லை. விவசாயிகள் பால் விற்பதை நிறுத்தினார்கள். 15 நாள் ஒரு சொட்டுப் பால்கூட வியாபாரிக்குப் போகவில்லை. அன்றாடம் பால் காசில் அடுப்பு எரிந்த வீடுகள் அவை. ஒரு கிராமம் பின்வாங்கியிருந்தாலும் எல்லாம் போச்சு. ஆனால் யாரும் பின்வாங்கவில்லை. பம்பாய்க்குப் பால் வரத்து நின்றதும் அரசு இறங்கி வந்தது.

1946 டிசம்பர் 14ஆம் தேதி கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. 1948 ஜூனில் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது இருந்தவை 2 கிராமச் சங்கங்கள், நாளுக்கு சுமார் 250 லிட்டர் பால். அவ்வளவுதான்.

சங்கத்தில் புதுமை என்ன?

காலை, மாலை இருவேளையும் பால் எடுப்பார்கள். கொழுப்புச் சத்தைச் சோதித்து அதற்கேற்ப விலை. ஒரு எருமை வைத்திருப்பவரும் பத்து வைத்திருப்பவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். வியாபாரி கண்ணால் பார்த்து விலை சொன்ன காலம் முடிந்தது.

1949இல் ஆனந்துக்கு வந்தார் குரியன். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அரசு வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப இருந்தவரை, சங்கத்துக்கு உதவும்படி கேட்டு நிறுத்தி வைத்தவர் திரிபுவன்தாஸ். அதன் பிறகு வேலை பிரிந்தது. தொழிற்சாலை குரியன் பொறுப்பு. விவசாயிகளையும் அரசியல்வாதிகளையும் சமாளிப்பது திரிபுவன்தாஸ் பொறுப்பு. தலைவராக இருந்தும் நிர்வாகத்தில் அவர் மூக்கை நுழைக்கவில்லை. 1955இல் பால் பவுடர் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார்.

1963இல் குரியன், தாரா குரோடி ஆகியோருடன் சேர்த்து இவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1964இல் பத்மபூஷண். மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார்.

விவசாயிகள் கொடுத்த 6 லட்சம்

1970களின் தொடக்கத்தில் தலைவர் பதவியில் இருந்து தானாகவே விலகினார். கிராமச் சங்க உறுப்பினர்கள் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் பணமுடிப்பு கொடுத்தார்கள். அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. 1975இல் அந்தப் பணத்தில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பால் சங்கம் இருக்கிற கிராமங்களில் தாய், சேய் நலனைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. 1994 ஜூன் 3ஆம் தேதி, 90ஆவது வயதில் அவர் காலமானார். ஆனந்தில் அமையும் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

நமக்கு என்ன தொடர்பு?

ஆனந்த் மாதிரியை நாடு முழுக்கக் கொண்டுபோக 1965இல் தேசியப் பால்வள வாரியமும், 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டமும் வந்தன. தமிழகத்தில் கூட்டுறவு இணையம் 1981இல் அமைந்தது. அதுதான் ஆவின். கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்றடுக்கு இங்கேயும் அதேதான். சுசீந்திரம் பக்கம் ஒற்றைப் பசு வைத்திருப்பவர் நாகர்கோவில் ஆவின் விலையைத் தெரிந்துகொண்டு தனியார் வியாபாரியிடம் பேரம் பேச முடிகிறது. 1945இல் கேடா விவசாயியிடம் இல்லாமல் போனது, இப்படி ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலைதான்.