விண்ணை அளந்த முதர்ரிஸ்: மவ்லானா அலீ குஷ்ஜீ (ரஹ்)

தொழுகையின் வேளை, நோன்பின் பிறை, கிப்லாவின் திசை ஆகிய மூன்றும் விண்ணோடு தொடர்புடையவை. ஆகவேதான் நம் முன்னோர்களான உலமாக்கள் ஃபிக்ஹு, தஃப்ஸீர் முதலிய கலைகளுடன் வானியலையும் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுத்தனர். அத்தகைய பெருமக்களுள் ஒருவரே மவ்லானா அலாவுத்தீன் அலீ குஷ்ஜீ (ரஹ்) அவர்கள்.

கி.பி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த இவர்களின் தந்தையார், சமர்கந்தை ஆண்ட உலூக் பேக்கின் வேட்டைப் பறவைகளைப் பராமரித்து வந்தார். குஷ்ஜீ என்னும் பெயரே அத்தொழிலைக் குறிப்பதாகும். பறவை வளர்த்தவரின் மகன், 1420இல் கட்டி முடிக்கப்பட்ட சமர்கந்து மத்ரஸாவின் அறிவுச் சூழலில் காஸி ஸாதா ரூமீ, ஜம்ஷீத் அல்காஷீ போன்ற மேதைகளிடம் கல்வி பயின்றார். மன்னரே பாடம் நடத்திய மத்ரஸா அது.

கல்வி வேட்கை மிகுந்த இம்மாணவர், எவரிடமும் சொல்லாமல் கிர்மானுக்குப் புறப்பட்டுச் சென்றார். பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பியபோது, மன்னருக்குக் காணிக்கையாக அவர் கொண்டு வந்தது பொன்னோ பட்டோ அன்று. சந்திரன் தேய்ந்து வளரும் வடிவங்களை விளக்கும் சிறு நூல் ஒன்றையே அவர் சமர்ப்பித்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

சமர்கந்தின் வான் ஆய்வுக்கூடத்தில் சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள பிரம்மாண்டமான அளவு வளைவு இருந்தது. நண்பகலில் அதன் மீது விழும் சூரிய ஒளியைக் கொண்டு சூரியனின் உயரத்தை அளந்தனர். 1429இல் அல்காஷீயும் அவருக்குப் பின் காஸி ஸாதாவும் மறைந்தபின், அப்பணி குஷ்ஜீ அவர்களின் தோள்களில் வந்து சேர்ந்தது. 1018 நட்சத்திரங்களின் இருப்பிடங்களைக் கூறும் உலூக் பேக்கின் வானியல் அட்டவணை உருப்பெற்றதில் இவர்களின் பங்கு பெரிது.

ஆனால் 1449இல், பெற்ற மகனின் சதியால் உலூக் பேக் கொல்லப்பட்டார். ஆய்வுக்கூடம் ஆதரவிழந்து அழிந்தது. அதன் இடிபாடுகள் 1908இல்தான் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. கட்டடம் புதையுண்டது; கல்வியோ புதையவில்லை! அதனை நெஞ்சில் சுமந்த ஆசிரியர் ஊர்விட்டு ஊர் சென்றார். தப்ரேஸின் ஆட்சியாளர் உஸூன் ஹஸனின் தூதராக இஸ்தான்புல் வந்த இவர்களின் தகுதியை உணர்ந்த சுல்தான் இரண்டாம் முஹம்மது, நாளொன்றுக்கு 200 அக்சே வெள்ளிக் காசுகள் ஊதியத்தில் அயா சோஃபியா மத்ரஸாவின் முதர்ரிஸாக நியமித்தார்.

அங்கே இவர்கள் பணியாற்றியது சுமார் இரண்டே ஆண்டுகள். முதிய வயதிலும் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, தம் பாரசீக வானியல் நூலை அரபியில் விரிவாக்கி, ஃபத்ஹிய்யா என்னும் பெயரில் 1473இல் சுல்தானுக்கு அளித்தார்கள். பிற்காலத்தில் உதுமானிய மத்ரஸாக்களில் அது பாடநூலாயிற்று. வானியலுக்குக் கிரேக்கத் தத்துவத்தின் துணை தேவையில்லை என்பதும், பூமி அசையாதது என்பதைக் கண்காணிப்பினால் நிரூபிக்க இயலாது என்பதும் இவர்களின் துணிவான கருத்துக்கள். கோபர்னிகஸின் நூல் வெளிவந்ததோ 1543இல்தான். ஹிஜ்ரி 879 (கி.பி. 1474)இல் வஃபாத்தான இவர்கள் இஸ்தான்புல்லின் அய்யூப் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

கண்ணியமிகு ஜமாஅத்தார்களே! நம் பள்ளிவாசல்களின் சுவர்களில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. அதனைக் கணக்கிடத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? ஆண்டுதோறும் பிறை குறித்து வாதிடுகிறோம்; அப்பிறையின் ஓட்டத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தோமா? கட்டடங்களுக்கு வாரி வழங்கும் நம் கரங்கள், கற்பிக்கும் ஆசிரியருக்கும் நீளட்டும். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒருங்கே பெற்ற தலைமுறையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.