இதயத்தின் எழுத்தைப் படித்தவர்

நாம் உறங்கும்பொழுதும் உறங்காமல் உழைப்பது இதயம். அவ்வுழைப்பு ஒருகால் திடீரென நின்றுவிடின், உயிரைக் காப்பதற்குரிய காலம் சில நிமிடங்களே. மார்பைப் பிளந்து பார்க்காமலே உள்ளே நிகழ்வதை அறிய வேண்டும். அதற்குரிய வழியை உலகிற்கு வகுத்துத் தந்த பெருமை வில்லம் ஐந்தோவன் என்னும் பேரறிஞரைச் சாரும்.

ஐந்தோவன் 1860ஆம் ஆண்டில் சாவகத் தீவிலுள்ள செமாராங் நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். இளமையிலேயே தந்தையை இழந்த ஐந்தோவனையும் உடன்பிறந்தோரையும் அழைத்துக்கொண்டு, அன்னையார் 1870இல் தாய்நாடாகிய ஆலந்தை அடைந்து, உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அந்நகரில் மருத்துவம் பயின்ற ஐந்தோவன், தம் இருபத்தைந்தாம் வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக அமர்ந்தார்.

இதயம் துடிக்கும்தோறும் மிக நுண்ணிய மின்னோட்டம் எழுகின்றது. 1887இல் வாலர் என்பார் இலண்டனில் அதனை உடலின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்து காட்டினார். ஆயினும் அவர் கையாண்ட கருவியில் பாதரசம் மெல்ல அசைந்தமையால், பதிவு தெளிவாக அமையவில்லை. இக்குறையை ஐந்தோவன் முதலில் கணக்கினால் திருத்த முயன்றார். அஃது அவருக்கு நிறைவு தரவில்லை. புதிய கருவி ஒன்றையே படைக்கத் துணிந்தார்.

வெள்ளி பூசிய மெல்லிய படிக இழை ஒன்றை வலிய மின்காந்தத்தின் இடையே அவர் நிறுத்தினார். இதயத்தின் மின்னோட்டம் பாயுந்தோறும் இழை அசைந்தது. அவ்வசைவின் நிழல் பெருக்கப்பெற்று, நகரும் ஒளிப்படத் தகட்டிலே கோடாகப் பதிந்தது. 1901இல் அவர் வெளியிட்ட இக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. ஆராயப்படுவோர் தம் கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருப்பர். உடலில் சிறு கீறலும் இல்லை, வலியும் இல்லை.

இத்துணைப் பெரிய கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்வது எங்ஙனம்? 1905இல், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையினின்று தொலைபேசிக் கம்பி வழியே இதயத்தின் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார் ஐந்தோவன்! கோட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு அவர் இட்ட பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் பெயர்களையே உலக மருத்துவர்கள் இன்றும் வழங்குகின்றனர்.

1924இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது. கருவியை அமைக்கத் துணைபுரிந்த பணியாளர் அதற்கு முன்பே மறைந்திருந்தார். அவருடைய வறிய சகோதரியர் இருவரைத் தேடிக் கண்டு, பரிசுப் பணத்தில் பாதியை ஐந்தோவன் அவர்களுக்கு வழங்கினார் என்பர். 1927இல் அவர் லைடனில் இயற்கை எய்தினார்.

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் மருத்துவர், இன்றும் முதலில் நோக்குவது இக்கோட்டினையே. இதயம் ஒழுங்கின்றி நடுங்குவதைக் கோடு காட்டினால், மின்னதிர்ச்சி தந்து அதனைச் சீராக்க முயல்வர். கோடு நேராகக் கிடந்தாலோ, அவ்வதிர்ச்சி பயன்தராது. மார்பை அழுத்துவதையும் மருந்தையும் தொடர்வர். எனினும், மின்னோட்டம் இருந்தும் குருதி ஓடாத நிலையும் உண்டு. ஆதலின், வெளிவரும் மூச்சிலுள்ள கரியமில வாயுவையும் இக்காலத்தில் அளக்கின்றனர். அவ்வளவு திடீரென உயர்ந்தால், இதயம் மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு அஃது ஓர் அறிகுறி. நெடுநேரம் மிகத் தாழ்ந்தே நின்றால், பிழைப்பதற்குரிய வாய்ப்பு அரிது.

தம் காலத்துக் கருவியின் குறையைக் கண்டு சோர்ந்துவிடாமல், புதியதொன்றைப் படைத்தார் ஐந்தோவன். அவர் பற்றிய அம்மெல்லிய இழை, எண்ணற்ற உயிர்களைத் தாங்கும் கயிறாயிற்று. பெற்ற புகழைத் துணைநின்றாரோடு பகிர்ந்துகொண்ட அவர்தம் பண்பும் நாம் போற்றிப் பின்பற்றத்தக்கதாகும்.