உப்புக் கணக்கு விடுத்த நாடகப் புலவர்

கணக்கேட்டில் பாட்டெழுதும் சிறுவர் ஒருவரிருவரை ஆண்டுதோறும் வகுப்பிற் காண்கின்றோம். சென்ற ஆண்டு அத்தகைய மாணாக்கன் ஒருவனுடைய தந்தையார் எம்மிடம் வந்து, வாய்பாடு எழுதவேண்டிய பக்கங்களிற் பையன் வெண்பாக் கட்டி வைத்திருப்பதைக் காட்டி, இப்பழக்கத்தை எவ்வாறேனும் நிறுத்தித் தரல் வேண்டும் என்று மனம் நொந்து கேட்டுக்கொண்டார். அவர் அச்சம் பொய்யன்று. பாட்டு உலை வைக்காது என்பதைத் தமிழாசிரியராகிய யாம் அவரினும் நன்கறிவோம். அன்று விடை கூறமாட்டாது நின்றோம். பின்னர்ச் சிந்தித்தபோது, எம் மதுரை மாநகரிற் சிறுவர்க்கென்றே நாடக சபை கண்ட சங்கரதாஸ் சுவாமிகளின் வரலாறு நினைவிற்கு வந்தது.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியைச் சார்ந்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை தமிழ்ப் புலமை மிக்கவர்; அவரே மைந்தர்க்கு முதலாசிரியர். பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடுத்து இலக்கண இலக்கியங் கற்றார். வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாட்டும் இளமையிலேயே இவருக்கு ஏவல் கேட்டன. ஆயினும் பிழைப்பு வேண்டுமன்றோ? உப்புப் பண்டகசாலையொன்றிற் கணக்கர் ஆயினார். கணக்கெழுதுதலை யாம் இழித்துரைக்கின்றோமல்லேம். சந்தமும் ஒருவகைக் கணக்கே. ஆனால் உப்பு மூடைகளை எண்ணிய கை, மாத்திரைகளை எண்ணுதலை மறந்திலது. தம் இருபத்துநான்காம் வயதில், 1891-இல், அவ்வேலையை விடுத்து நாடகத் தொழில் புகுந்தார். நடிகரை நன்மக்கள் வீட்டுத் திண்ணையிலும் இருத்தாத காலம் அது; சம்பளம் வரும் இடத்தை விட்டு அங்குச் சென்றவரை உற்றார் எங்ஙனம் கருதியிருப்பர் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

முதலில் யமன், சனீசுவரன், இராவணன் முதலிய வேடங்கள் புனைந்தார். இவருடைய கோர வேடங் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்ததென்றும், அதுமுதல் அரிதாரம் பூசுவதை ஒழித்து ஆசிரியராகவே அமைந்தாரென்றும் நாடகத்தார் கூறுவர். இடையே துறவு பூண்டு தலந்தோறுந் திரிந்தார். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை இவரைத் தம் மகவெனக் கொண்டு ஆதரித்தமை இசையுலகம் நன்கறிந்தது.

வயது வந்த நடிகரோடு இவர் பட்ட பாடு பெரிது. பாடம் கேளார், மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவர், குடித்து வருவாரும் உண்டு. ஆதலின் சிறுவரை நாடினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவ்வாண்டு அச்சபையிற் சேர்ந்த டி. கே. சண்முகத்திற்கு வயது ஆறு. தாம் இளமையிற் பெற்ற தமிழ் விளையாட்டை இச்சிறுவர் நாவில் தொழிலாக்கியதே சுவாமிகள் செய்த பெருஞ்செயல் என்று யாம் கருதுகின்றோம். சண்முகம் நடிப்பதற்கென்று ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாட்டும் உரையாடலுமாக ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது அவர் வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. முதுகிற் பிரம்பு வைத்துப் பத்துச் செய்யுள் உருவேற்ற ஒரு திங்கள் கொள்ளும் எம்போலியர்க்கு அது நாணந் தருவது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. பாலர் சபைகளிற் சிறுவர் பெற்றோரைப் பிரிந்து, பள்ளிப் படிப்பின்றி, இரவெல்லாம் விழித்து ஊரூராய் அலைந்தனர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தவுடன் வேடம் இழந்தோர் பலர். எல்லாரும் சண்முகம் ஆகவில்லை. அவரோ தம் உடன்பிறந்தாரோடு 1925-இல் தனிச்சபை கண்டு, ஔவையார் வேடத்தாற் பின்னாளில் ஔவை சண்முகம் எனப் பெயர் பெற்றார். அம்மாணாக்கன் தந்தையார் மீண்டும் வரின், இவ்விரு பக்கத்தையும் சொல்லுவோம். கணக்கையும் விடாதே, பாட்டையும் விடாதே என்று பையனுக்கும் சொல்லுவோம்.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றிற்று. பேச்சும் போயிற்று. பாட்டையே வாழ்வாகக் கொண்டவர் ஊமையராய், தாம் கற்பித்த பிள்ளைகள் பாடக் கேட்டிருந்தார். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் உயிர் நீத்தார்.

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் திருவிழாக் காலத்தில் இன்றும் வள்ளி திருமணம் விடியுமளவும் நடைபெறுகின்றது. வெவ்வேறூர் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே ஒப்பனைக் கொட்டகையிற் சந்தித்து மேடை ஏறுகின்றனர். எல்லார்க்கும் சுவாமிகள் பாடமே பொது. வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தில் மட்டும் அவரவர் சொந்தச் சரக்கை அவிழ்ப்பர். சென்ற பங்குனியில் மேலூர்ப் பக்கம் யாம் கண்ட ஆட்டத்தில் நாரதர் ஓரடி மறந்து நின்றார். மணலிற் படுத்திருந்த முதியவர் ஒருவர் எழாமலே அதனை எடுத்துக் கொடுத்தார்.