பரீட்சையில் தோற்றவருக்குப் பட்டம் தந்த எண்கள்!

பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் ஏராளமாக விளைகிறது. அங்கே ஒரு விவசாயியிடம் 12 மூட்டை வெங்காயம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை அவிழ்க்காமல் பிள்ளைகளுக்குப் பங்கு போட வேண்டும்.

2 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 6 மூட்டை. 3 பேர் என்றால் 4. 4 பேர் என்றால் 3. 6 பேர் என்றால் 2. சண்டை வராது.

ஒரு மூட்டை கூடி 13 ஆகிவிட்டால்? யாருக்கும் சரியாகப் பங்கு வராது!

12-ஐ மீதி இல்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. 24, 36, 48, 60 ஆகியவையும் இதே ஜாதி எண்கள்தான்.

இந்த எண்களின் ரகசியத்தைத் தேடிப் பிடித்தவர் கணித மேதை ராமானுஜம்.

இரண்டு தடவை தோல்வி

அரியலூர்ப் பக்கமிருந்து தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். ராமானுஜம் வளர்ந்த ஊர் அது. பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ந் தேதி. தகப்பனார் துணிக்கடைக் குமாஸ்தா.

கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கே கதி என்று கிடந்ததால் இங்கிலீஷில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தோல்வி!

1909-ல் கல்யாணம் ஆயிற்று. வேலை இல்லை. காகிதம் வாங்கவும் காசில்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார்.

1912-ல் சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் ரூ.30 சம்பளம். மறு வருஷம், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய தலையெழுத்தை மாற்றிய கடிதம் அது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

6 லட்சம் கோடிக்கு மேல்!

1915-ல் அவருடைய நீண்ட கட்டுரை லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. 12, 24, 36 போன்ற எண்களை வரிசையாகக் கண்டுபிடித்து ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் கடைசி எண் 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080.

இவ்வளவு பெரிய எண் எப்படி வருகிறது? ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள். சின்ன எண் அதிகம், பெரிய எண் குறைவு என்ற இந்த ஒழுங்கு இந்த ஜாதி எண்கள் எல்லாவற்றிலும் உண்டு. கடைசியில் வரும் எண் ஒரே ஒரு தடவைதான் வரும். இதற்கு விலக்கு 4, 36 ஆகிய இரண்டே என்பதையும் அவர் நிரூபித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம்!

1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எப்.ஏ. கூடத் தேறாதவருக்கு, பரீட்சை இல்லாமலே பட்டம்!

விட்டுப்போன எண்

பட்டியலில் ஓர் எண் மட்டும் விட்டுப்போயிற்று. அது 293318625600. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண் வந்துவிடும்!

கட்டுரையின் ஒரு பகுதியும் அப்போது அச்சாகவில்லை. உலக யுத்த காலம். சங்கத்திடம் பணம் இல்லை. சீமையில் நோய்வாய்ப்பட்ட ராமானுஜம் 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

அந்த மீதிப் பகுதி, அவர் கையெழுத்திலேயே 1988-ல் வெளிவந்தது.