காளிகாட் அருகே ஒரு ரோடு: யார் அந்த இந்திர ராய்?

காளிகாட்டை அடுத்த பவானிபூரில் உள்ள இந்திர ராய் ரோடு, முதல் உலகப் போர் விமானி இந்திரலால் ராயின் பெயர் கொண்டது. 1898 டிசம்பர் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்தவர். கண்பார்வை போதாதென்று விமானப்படை தள்ளியது. மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் டாக்டரிடம் காட்டி, 1917-ல் சேர்ந்தார் என்பார்கள்.

அக்காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்க இரண்டு வழி. 'கேமல்' விமானத்தில் எஞ்சினே சுழன்று காற்றில் ஆறும், தண்ணீர் வேண்டாம். ஆனால் அந்தச் சுழற்சி விமானத்தை ஒரு பக்கம் இழுக்கும். பழகாதவர் பலர் அதில் மாண்டனர். ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானத்தின் மூக்கில் காரில் இருப்பது போலவே ரேடியேட்டர். வேகமும் உண்டு, நிதானமும் உண்டு. ஆனால் ஒரு குண்டு துளைத்தால் தண்ணீர் ஒழுகி எஞ்சின் இறுகிவிடும். டாக்சி ஓட்டும் நம்மவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் தேடலாம். ராய்க்குக் கீழே இருந்தது எதிரி மண்.

1917 டிசம்பரில் விமானம் விழுந்து படுகாயம். தேறிவந்து, 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றி பெற்றார். 22-ந் தேதி பிரான்சின் கார்வின் நகர் மேலே ஜெர்மனியின் போக்கர் விமானங்களோடு சண்டை. அவற்றின் மூக்கிலும் கார் ரேடியேட்டர்தான்! ராயின் விமானம் தீப்பிடித்து விழுந்தது. வயது 19. செப்டம்பரில் டி.எப்.சி. விருது அறிவித்தார்கள்.